பலசெல் பாசிகள்: நிறம் காட்டாத வம்சங்கள்

மண்டபம், வேதாளை, பாம்பன் கரைகளில் பாசி காயப்போடும் நாட்களில் மணலில் தனித்தனிக் குவியல்கள் கண்ணில் படும். மரிக்கொழுந்து ஒரு பக்கம், கஞ்சிப்பாசி ஒரு பக்கம், கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் சற்றுத் தள்ளி. விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு கடலில் மூழ்கிப் பறித்து வரும் பெண்கள் இவற்றை ஒன்றோடொன்று கலப்பதில்லை. விலையும் வேறு, போய்ச் சேரும் ஆலையும் வேறு. மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகார் எடுக்கப் போகும். கட்டக்கோரையும் பக்கோடாவும் ஆல்ஜினேட் எடுக்கப் போகும்.

இந்தப் பிரிப்பில் நிறத்துக்கு வேலையே இல்லை. பாடநூலில் பச்சைப் பாசி, பழுப்புப் பாசி, செம்பாசி என்று மூன்று வகை படித்துவிட்டு இங்கே வரும் மாணவர் முதல் குவியலிலேயே தடுமாறுவார். கஞ்சிப்பாசி பெரும்பாலும் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு மங்கல் நிறத்தில் இருக்கும், அது செம்பாசி. கொஞ்சம் தள்ளிக் கடலில் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸில் ஒரு ரகம் கீரையைவிடப் பச்சை, அதுவும் செம்பாசிதான். வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் எல்லாமே வெளுத்து உப்புப் பூத்துவிடும், அப்போது நிறத்தைக் கேட்பதற்கே ஆளில்லை. ஆனால் பெண்கள் பிரித்து வைத்த குவியல்களைத் தாவரவியல் கண்ணோடு பார்த்தால் ஒரு தவறும் தெரியாது. அகார் தருகிற இரண்டும் ஒரே வம்சம், ஆல்ஜினேட் தருகிற இரண்டும் வேறொரு வம்சம். செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை எது என்று பார்த்து வகை பிரித்தால் பிசகு வராது. பலசெல் பாசிகளின் வகைகளைப் பற்றிய இந்தக் கட்டுரை அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது.

முதலில் யார் யார் கணக்கில் வருவார்கள் என்று சொல்லிவிட வேண்டும். குளத்து மேட்டில் வழுவழுப்பாகப் படரும் நாஸ்டாக், வயலுக்கு நைட்ரஜன் சேர்க்கும் அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகள் இழையிழையாக வளர்ந்தாலும், நைட்ரஜனைப் பிடிக்கவென்றே தனிச் செல்களை ஒதுக்கினாலும், உட்கருவே இல்லாத பாக்டீரியாக்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். டயாட்டம்கள் ஏறக்குறைய எல்லாமே ஒருசெல் உயிர்கள், அவையும் வெளியே. மிஞ்சுவது மூன்று கூட்டம்: செம்பாசி, பழுப்புப் பாசி, பச்சைப் பாசி.

இந்த மூன்றும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்னால், உட்கருவுள்ள ஒரு செல் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா ஒன்றை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. அந்த ஒட்டுறவின் வாரிசுகள்தான் செம்பாசிகளும் பச்சைப் பாசிகளும், பின்னாளில் பச்சைப் பாசிகளிலிருந்து கிளைத்த நிலத்தாவரங்களும். இவற்றின் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு சவ்வுகள் இருக்கும். பழுப்புப் பாசியின் மூதாதைக்குக் கதையே வேறு. அது ஒரு முழுச் செம்பாசிச் செல்லை விழுங்கிப் பசுங்கணிகம் பெற்றது. அதனால் அதன் பசுங்கணிகத்தைச் சுற்றி நான்கு சவ்வுகள். உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கும் ஃபைட்டோப்தோராவும் டயாட்டமும் பழுப்புப் பாசிக்குப் பங்காளிகள். சுருக்கமாகச் சொன்னால், கரையில் அடுத்தடுத்துக் கிடக்கும் மரிக்கொழுந்துக்கும் கட்டக்கோரைக்கும் இடையே உள்ள உறவைவிட, மரிக்கொழுந்துக்கும் கரையோரத்து வேப்பமரத்துக்கும் உள்ள உறவு நெருக்கமானது. பல செல்களாகச் சேர்ந்து உடம்பு கட்டும் வித்தையை இந்த மூன்று வம்சமும் தனித்தனியாகவே கண்டுபிடித்தன. பச்சைப் பாசிகள் ஒரு முறைக்கு மேலேயே கண்டுபிடித்திருக்கின்றன.

இதில் மூத்தது செம்பாசி என்பதற்குப் புதைபடிவச் சான்று உண்டு. ஆர்க்டிக் கனடாவின் பாறையில் நிக்கோலஸ் பட்டர்ஃபீல்டு விவரித்த பாங்கியோமார்ஃபா என்னும் இழைப் பாசிக்கு வயது சுமார் 105 கோடி ஆண்டுகள். இன்றைய பாங்கியா என்ற செம்பாசியோடு செல் பிரியும் விதம் வரை ஒத்துப்போவதால் அதன் அடையாளத்தில் பெரிய சர்ச்சை இல்லை. 2017-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் நம் மத்திய இந்தியாவின் சித்ரகூடப் பகுதிப் பாறைகளிலிருந்து 160 கோடி ஆண்டு பழைய இழைகளையும் சதைப்பற்றுள்ள துண்டுகளையும் எடுத்து, அவையும் செம்பாசிகளாக இருக்கலாம் என்றார்கள். செல்லுக்குள்ளே தெரியும் தட்டையான உருக்கள் பசுங்கணிகத்தைச் சேர்ந்தவை என்பது அவர்கள் வாதம். எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஒப்புக்கொண்டால் பலசெல் உயிர்களின் வரலாறு ஐம்பது கோடி ஆண்டு பின்னோக்கி நகரும் என்பதால், இன்னும் கொஞ்சம் சான்று கேட்பதில் தப்பில்லை.

செம்பாசிகளில் இன்று ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, பெரும்பாலானவை கடல்வாழ்வன. பச்சையத்தோடு ஃபைகோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமியும் ஃபைகோசயனின் என்ற நீல நிறமியும் இருக்கும். இவற்றின் விகிதம் வெளிச்சத்தைப் பொறுத்தும் சத்தைப் பொறுத்தும் மாறுவதால்தான் செம்பாசி சிவப்பாக இருந்தே ஆக வேண்டியதில்லை. சேமிப்பு உணவு ஃபுளோரிடியன் ஸ்டார்ச். அது பசுங்கணிகத்துக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் படிகிறது. ஆனால் இந்த வம்சத்தைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும் குணம் ஒரு குறைதான்: எந்தப் பருவத்திலும், விந்துவில்கூட, கசையிழை கிடையாது. செம்பாசிக்கு நீந்தத் தெரியாது.

கஞ்சிப்பாசியின் தண்டில் மெல்லிய குறுக்குச் சீவல் ஒன்று எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். விளிம்பில் சின்னஞ்சிறு நிறமுள்ள செல்கள், நடுவே நிறமே இல்லாத பெரிய பெரிய செல்கள். பார்த்தால் ஒரு செடியின் திசு போலவே இருக்கும். ஆனால் பெரும்பாலான செம்பாசிகளின் உடம்பு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு உருவானது. இழைக்குள் செல் பிரியும்போது நடுச்சுவர் முழுதாக மூடிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு துளை மிஞ்சும், அதைப் புரதத்தாலான ஒரு அடைப்பான் அடைக்கும். இந்தக் குழி இணைப்பு வேறு எந்தப் பாசியிலும் இல்லை. பக்கத்து இழைச் செல்லோடும் பிற்பாடு இப்படி இணைப்பு போட்டுக்கொள்ள முடியும். இந்த வசதியைத் துர்ப்பிரயோகம் செய்யும் சில ஒட்டுண்ணிச் செம்பாசிகள் உண்டு. அவை தம் நெருங்கிய உறவுப் பாசியின்மேல் ஒட்டி, இந்த வழியாகத் தம் உட்கருவையே அதன் செல்லுக்குள் செலுத்திவிடும். பங்காளிச் சண்டைகளில் இதைவிடத் துணிச்சலானதை நான் படித்ததில்லை.

இழைகளை ஒட்டவைக்கும் பசைதான் அகார், கராஜீனன். அலை இழுக்கும்போது வளைந்து கொடுக்கவும், வற்றுநீர் நேரத்தில் வெயிலில் காய்ந்துபோகாமல் ஈரம் காக்கவும் பாசிக்கு இது வேண்டும். அகாரின் குணம் விசித்திரமானது: கரைய ஏறக்குறைய 85 டிகிரி வெப்பம் கேட்கும், ஆனால் 35 டிகிரிப் பக்கம் ஆறிய பிறகுதான் உறையும். ஒருமுறை உறைந்துவிட்டால் மறுபடி உருகுவதற்கு அதே 85 டிகிரி வேண்டும். நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசியை நினைத்துப் பாருங்கள். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால், குளிர்பெட்டி இல்லாமலேயே உறைந்து, சித்திரை வெயிலிலும் துண்டு கரையாமல் நிற்கும். இதே குணம்தான் 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்குப் பயன்பட்டது. பாக்டீரியா வளர்க்க அவர்கள் வைத்திருந்த ஜெலட்டின் கோடையில் உருகியது, சில பாக்டீரியாக்கள் அதைத் தின்றும்விட்டன. அங்கே பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸின் மனைவி ஃபேனி ஹெஸ், தம் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகாரை முயன்று பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவந்த ஒரு பழைய அண்டைவீட்டார் மூலம் அவருக்குத் தெரிந்த பொருள் அது. மறு ஆண்டு கோக் எழுதிய கட்டுரையில் அகார் உண்டு, ஃபேனியின் பெயர் இல்லை. நம் பக்கமும் இந்தச் சரக்குக்குப் புதிதல்ல. இலங்கையின் கரைகளில் சேகரித்த கஞ்சிப்பாசி வகை 19-ஆம் நூற்றாண்டில் சிலோன் பாசி என்ற பெயரில் நோயாளிக் கஞ்சிக்காகக் கப்பலேறியது.

நீந்தத் தெரியாத குறையைச் செம்பாசி ஈடுசெய்யும் விதம் அதன் வாழ்க்கைச் சுழற்சியில் இருக்கிறது. ஆண் செடியின் விந்து நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பெண் செடியின் முடிபோன்ற ஒரு நீட்சியில் தற்செயலாக ஒட்ட வேண்டும். 2022-இல் பிரான்ஸின் ரோஸ்காஃப் ஆய்வாளர்கள் கிரேசிலேரியா என்ற செம்பாசியின் விந்தை இடோட்டியா என்ற சிறு ஓட்டுடலி தன் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டு சுமந்து போவதைக் காட்டினார்கள். பூவுக்குத் தேனீ செய்யும் வேலையைக் கடலுக்கடியிலும் ஒருவர் செய்கிறார். இருந்தாலும் கருவுறுதல் அபூர்வம். அதனால் கருவுற்ற ஒரு செல் உடனே வித்தாகப் போய்விடாது. தாய்ச் செடியின் மேலேயே தங்கி, தனியொரு தலைமுறையாக வளர்ந்து, ஒன்றுக்குப் பதில் ஏராளமான கார்போஸ்போர்களை வெளியிடும். கஞ்சிப்பாசிக் கிளையில் பரு மாதிரி புடைத்திருப்பது அதுதான், வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்த ஸ்போர்கள் முளைத்து வேறொரு செடியாகும், அது நான்கு நான்காக டெட்ராஸ்போர்களை உண்டாக்கும், அவற்றிலிருந்து மறுபடி ஆணும் பெண்ணும். ஆக மூன்று தலைமுறை சேர்ந்தால்தான் ஒரு சுற்று முடியும். அபூர்வமான ஒரு கருவுறுதலைப் பலமடங்காக்கும் உத்தி இது என்ற விளக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இந்தத் தலைமுறைகளில் ஒன்று நம் கண்ணில் படாமலே ஒளிந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் நோரி பயிர் சாட்சி. சுஷியைச் சுற்றும் நோரி, போர்ஃபைரா இனத்துப் பாசி. குளிர்காலத்தில் வலையில் தானாக வந்து முளைக்கும். கோடையில் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. விதைக்க முடியாத பயிர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விளைச்சல் படுத்துவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கேத்லீன் ட்ரூ-பேக்கர், திருமணமான பெண்ணுக்குப் பதவி இல்லை என்று பல்கலைக்கழகம் கைவிட்ட பிறகும் ஊதியமில்லாமல் ஆய்வைத் தொடர்ந்தவர், 1949-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். சிப்பி ஓட்டைத் துளைத்து உள்ளே இளஞ்சிவப்பு இழையாக வாழும் கான்கோசெலிஸ் என்ற பாசியைத் தனி இனம் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அது போர்ஃபைராவின் இன்னொரு பருவம் என்று அவர் காட்டினார். ஜப்பானியர்கள் உடனே சிப்பி ஓடுகளில் நாற்றங்கால் போட்டு, ஸ்போரை வலையில் ஏற்றினார்கள். 1957-இல் இறந்துபோன அந்த அம்மையார் ஜப்பானுக்குப் போனதே இல்லை. குமமோட்டோவில் 1963-இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று மரியாதை செய்கிறார்கள்.

செம்பாசிகளில் பவளப்பாசி என்ற ஒரு கூட்டம் செல்சுவரில் சுண்ணாம்பைப் படியவைத்துக் கல் மாதிரி இறுகிப் பாறையில் மேலோடாகப் படரும். பவளத்திட்டின் உடைந்த துண்டுகளை இணைக்கும் காரை இவர்களுடையது. இந்த மேலோட்டுப் பாசி ஒன்று பஹாமாஸ் கடலில் 268 மீட்டர் ஆழத்தில் 1984-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மேற்பரப்பு வெளிச்சத்தில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே அங்கே எட்டும். இந்தச் செய்தியைக் கேட்டதும் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வரும். பச்சைப் பாசி ஆழங்குறைந்த நீரில், பழுப்பு நடுவில், சிவப்பு ஆழத்தில், ஒவ்வொன்றும் தனக்கு எட்டும் ஒளி நிறத்துக்கு ஏற்ற நிறமியோடு என்று 1883-இல் எங்கல்மான் சொன்ன கருத்து அது. இன்றும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடலடிக் கணக்கெடுப்புகள் அதைக் கைவிடச் செய்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஹாலிமீடா போன்ற பச்சைப் பாசிகள் நூறு மீட்டருக்குக் கீழேயும் நன்றாக வாழ்கின்றன. செம்பாசிகள் கணுக்கால் தண்ணீரிலும் மண்டிக் கிடக்கின்றன. ஆழத்தில் எது தங்கும் என்பதை மெதுவாக வளர்வதும், மீன் மேய்ச்சலுக்குத் தாக்குப்பிடிப்பதும், உடம்பின் தடிமனும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

பழுப்புப் பாசி வம்சத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் இனங்கள். இந்த மூன்றில் ஒருசெல் உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத கூட்டம் இதுதான். மிக எளிய எக்டோகார்ப்பஸ்கூட கிளைத்த இழை. பச்சையத்தின் பச்சையை ஃபுகோசாந்தின் என்ற நிறமி மறைத்து ஆலிவ் நிறமாக்கிவிடும். சேமிப்பு உணவு ஸ்டார்ச் இல்லை, லாமினாரினும் மானிட்டாலும். நீந்தும் செல்களுக்கு இரண்டு கசையிழைகள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. செல்லுக்குச் செல் பிளாஸ்மோடெஸ்மா என்ற நுண் இழைகள் வழியாகப் பேச்சுவார்த்தை உண்டு. பெரிய வகைகளில் திசு நிஜமான திசு, மூன்று திசையிலும் செல் பிரிந்து உருவானது.

அதனால்தான் உடம்பு பெரிதாக முடிந்தது. கலிபோர்னியா, சிலிக் கரைகளில் வளரும் மேக்ரோசிஸ்டிஸ் என்ற கெல்ப் 45 மீட்டர் வரை நீளும். நல்ல சூழலில் ஒரு நாளில் ஒரு அடிக்கும் மேல் வளரும். பாறையைப் பிடிக்கும் பற்றுறுப்பு, தண்டு, இலைபோன்ற அலகு, அலகின் அடியில் காற்றுப்பை. மேலே வெயிலில் தயாரான மானிட்டால் அடியில் இருட்டில் உள்ள பகுதிக்குப் போய்ச்சேர வேண்டுமே? மரத்தில் உள்ள உணவுக் குழாய்களை ஒத்த சல்லடைக் குழாய்கள் கெல்ப்பிலும் உண்டு. மரத்தோடு எந்த ஒட்டுமில்லாத ஒரு வம்சம் அதே தேவைக்கு அதே வழியைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. கெல்ப்புக்குக் குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் வேண்டும். மன்னார் வளைகுடாவில் அதற்கு இடமில்லை. இங்கே கட்டக்கோரை என்ற சர்காசமும், முள்முள்ளாகக் கெட்டியான அலகுகளை அடுக்கிய பக்கோடா என்ற டர்பினேரியாவும், விசிறி வடிவில் சுண்ணாம்பு பூசினாற்போல் இருக்கும் படைனாவும்தான். கட்டக்கோரையைக் கையில் எடுத்தால் தண்டு, இலை, காய் என்று ஒரு பூச்செடியே தெரியும். காய் மாதிரி உருண்டிருப்பவை காற்றுப்பைகள், விரலால் அழுத்தினால் டப்பென்று வெடிக்கும்.

பழுப்புப் பாசியின் பசை ஆல்ஜினேட். இரண்டு வகைச் சர்க்கரை அமிலங்கள் மாறிமாறிக் கோத்த சங்கிலி அது. ஒரு அமிலம் கூடினால் விறைப்பாகும், மற்றது கூடினால் வளையும். ஒரே செடியில் பற்றுறுப்பில் விறைப்பான ஆல்ஜினேட்டும், அலையில் ஆடும் அலகில் வளையும் ஆல்ஜினேட்டும் கூடுதலாக இருக்கும். கால்சியம் பட்டதும் கெட்டிப்படும் இதன் குணத்தை வைத்துத்தான் பல் மருத்துவர் நம் வாயில் களிம்பைத் திணித்து அச்செடுக்கிறார். துணிக்கு அச்சடிக்கும் சாயம் வழியாமல் நிற்பதும் ஆல்ஜினேட்டால்தான். இந்தப் பாசிச் சாம்பலிலிருந்துதான் 1811-இல் பெர்னார்ட் கூர்ட்வா அயோடினைக் கண்டுபிடித்தார்.

வாழ்க்கைச் சுழற்சியில் இந்த வம்சம் எல்லா வழியையும் முயன்று பார்த்திருக்கிறது. டிக்டியோட்டாவில் இனச்செல் தரும் தலைமுறையான கேமீட்டோபைட்டும் ஸ்போர் தரும் தலைமுறையான ஸ்போரோபைட்டும் பார்வைக்கு ஒன்றே. கெல்ப்பில் 45 மீட்டர் ஸ்போரோபைட்டுக்கு ஜோடியாக வரும் கேமீட்டோபைட் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சில செல் இழை. கட்டக்கோரையில் அதுவும் போய், நம்மைப் போலவே முட்டையும் விந்துவும் மட்டும் மிஞ்சின. முட்டைகள் வெளியிடும் வாசனைப் பொருளை முகர்ந்து விந்து நீந்தி வரும்; செம்பாசி அதிர்ஷ்டத்தை நம்பியிருக்க, பழுப்புப் பாசி வேதியியலை நம்புகிறது.

அட்லாண்டிக்கில் மிதக்கும் சர்காசம் இனங்கள் இரண்டு இதையும் விட்டுவிட்டன. பாறையும் வேண்டாம், கருவுறுதலும் வேண்டாம். ஒடிந்த துண்டு வளர்ந்துகொண்டே போகும். 2011-இலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையே இது ஆண்டுதோறும் பட்டையாகத் திரள்கிறது. 2018-இல் அந்தப் பட்டையின் நீளம் 8,850 கிலோமீட்டர், எடை இரண்டு கோடி டன்னுக்கு மேல் என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டார்கள். கரீபியக் கரைகளில் ஒதுங்கி அழுகும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அங்கத்திய மக்களுக்கு இப்போது வழக்கமான தொல்லை.

பச்சைப் பாசிக்கு வந்தால் எந்த விதியும் நேராக நிற்காது. பச்சையம் ஏ, பி, பசுங்கணிகத்துக்குள் ஸ்டார்ச், பெரும்பாலும் செல்லுலோஸ் சுவர் என்று நிலத்தாவரத்தோடு வேதியியல் ஒத்துப்போகும். உடம்பு கட்டும் முறையோ ஆளுக்கு ஒன்று. குளத்தில் நழுவும் ஸ்பைரோகைரா கிளைக்காத இழை, ஒவ்வொரு செல்லிலும் பசுங்கணிகம் பச்சை நாடாவாகச் சுருண்டிருக்கும். கடற்கரைக் கல்லில் ஒட்டும் அல்வா இரண்டே செல் தடிமனுள்ள தாள். அதன் சொந்தக்காரப் பாசிகளில் குழாய் வடிவானவற்றை என்டெரோமார்ஃபா என்று தனிப்பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு 2003-இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது, தாளும் குழாயும் ஒரே பேரினத்துக்குள் மாறிமாறி வருகிறதாம். போதாக்குறைக்கு, கூட வாழும் பாக்டீரியாக்களை நீக்கி வளர்த்தால் அல்வா தாளாகவே வராமல் உதிரிச் செல் திரளாகிவிடும். உருவத்துக்கு உத்தரவு வெளியிலிருந்து வருகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது சிங்டாவில் பாய்மரப் போட்டி நடக்கவிருந்த கடலை அடைத்துக்கொண்டது இந்தப் பேரினத்துப் பாசிதான். பத்து லட்சம் டன் அளவுக்கு அள்ளினார்கள்.

காலெர்ப்பாவை இந்தக் கட்டுரையில் சேர்ப்பதா என்றே ஒரு தயக்கம் உண்டு. மன்னார் வளைகுடாவில் கடல்திராட்சை போலக் கொத்துக் கொத்தாக இருக்கும். ஓடுதண்டு, வேர், இலை எல்லாம் தெரியும். உள்ளே குறுக்குச்சுவரே கிடையாது. மீட்டர் கணக்கில் நீளும் அந்த உடம்பு முழுவதும் ஒரே செல், ஏராளமான உட்கருக்கள். பெரிய உடம்புக்குப் பல செல்கள் கட்டாயம் வேண்டும் என்ற நம் எண்ணத்தை இது ஒன்றே கலைத்துவிடும். கணக்குப்படி பலசெல் இல்லை என்று தள்ளலாம், நான் தள்ளமாட்டேன்.

இதற்கு நேர் எதிர் வால்வாக்ஸ். 1700-இல் லீவன்ஹூக் உருளும் பச்சைப் பந்தாக எழுதிவைத்த உயிர். வால்வாக்ஸ் கார்ட்டெரியில் சுமார் இரண்டாயிரம் சிறு செல்கள் மேற்பரப்பில் நீந்தும் வேலையை மட்டும் செய்யும், அவை பிள்ளை பெறாமலே சாகும். உள்ளே பதினாறு பெரிய செல்கள் இனப்பெருக்கத்துக்கு மட்டும். உடற்செல் வேறு, இனச்செல் வேறு என்ற பிரிவினையை இதைவிடச் சிக்கனமாக வேறெங்கும் பார்க்க முடியாது. கரு உருவாகும்போது கசையிழை முனைகள் எல்லாம் உள்நோக்கி இருக்கும். பிறகு ஒரு வாய் திறந்து, சட்டையைப் புரட்டுவது போலக் கரு முழுவதும் உள்வெளியாகப் புரளும். 2010-இல் இதன் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, ஒருசெல் உறவான கிளாமிடோமோனாஸைவிடப் பெரிதாக மரபணுக்கள் கூடியிருக்கவில்லை என்பது தெரிந்தது.

வால்வாக்ஸ் போலக் கூட்டமாக வாழும் தென்னிந்தியப் பாசிகளை விரிவாக எழுதியவர் மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். மழைநீர்க் குட்டை வற்றும்போது ஈரச்சேற்றில் வளர்ந்த ஒரு பச்சைப் பாசியை 1932-இல் அவர் விவரித்து, லண்டன் ஆசிரியர் ஃபிரிட்ச் பெயரால் ஃபிரிட்சியெல்லா என்று வைத்தார். சேற்றுக்குள் கிழங்கு மாதிரி திரண்ட செல்கள், கீழே வேரிழை, மேலே காற்றில் நிமிரும் இழைகள். நிலத்தாவரத்தின் தொடக்கம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பல பத்தாண்டுகள் பாடநூல்கள் இதைக் காட்டின. பின்னர் செல் பிரியும் நுட்பமும் மரபணுவும் அதை வேறு கிளையில் கொண்டுபோய் வைத்தன. அதனால் அந்தப் பாசியின் மதிப்புக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. தரையேற முயன்ற பச்சைப் பாசி ஒன்றல்ல என்பதற்கு அது சாட்சி. டிரென்டெபோலியா மரப்பட்டையிலும் சுவரிலும் செம்மஞ்சளாகப் படர்கிறது. 2001-இல் கேரளத்தில் பெய்த சிவப்பு மழைக்கு அதன் ஸ்போர்களே காரணம் என்று ஆய்வறிக்கை சொன்னது. அதன் உறவான செஃபலூரோஸ் தேயிலைக்குச் செந்துரு நோய் தரும் ஒட்டுண்ணி.

நிலத்தாவரத்தின் நெருங்கிய சொந்தம் யார்? ஏரிகளில் சுண்ணாம்பு படிந்து சொரசொரப்பாக, கணுவுக்குக் கணு வட்டமாகக் கிளைகள் விடும் காராவைப் பார்த்தால் அதுதான் என்று சொல்லத் தோன்றும். கணுவிடைச் செல் ஒன்றே சில சென்டிமீட்டர் நீளும். அதற்குள் சைட்டோபிளாசம் ஓடிக்கொண்டே இருப்பதை இத்தாலியர் கோர்ட்டி 1774-இலேயே பார்த்தார், இன்று கல்லூரி ஆய்வகத்தில் யாரும் பார்க்கலாம். முட்டையையும் விந்துவையும் மலட்டுச் செல்கள் மூடிக் காக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் மரபணு ஆய்வுகள் கைகாட்டுவது காராவை அல்ல, ஸ்பைரோகைரா இருக்கும் கூட்டத்தை. உடம்பு சிக்கலானவர் எட்ட நிற்கிறார், வெறும் இழையானவர் கிட்ட நிற்கிறார். ஸ்பைரோகைராவின் முன்னோர் இன்னும் சிக்கலாக இருந்து பிறகு எளிமையாகிவிட்டிருக்கலாம். வடிவத்தை வைத்து வம்சம் சொல்வது, நிறத்தை வைத்துச் சொல்வதைவிட ஒன்றும் பத்திரமானதில்லை.

இந்த வகைப்பாடெல்லாம் கரையில் என்ன பொருள் தரும் என்பதற்குக் கப்பாஃபைகஸ் உதாரணம். பிலிப்பைன்ஸ் பக்கத்துச் செம்பாசி. பவநகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1984-இல் ஜப்பான் வழியாகக் கொண்டுவந்தது. 2000-இல் பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தச் சாகுபடியாக மண்டபத்தில் பெருகியது. பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, கயிற்றில் துண்டுதுண்டாகப் பாசியைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. வாங்குபவருக்கு வேண்டியது ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் கராஜீனன். 2008-இல் குருசடைத் தீவுப் பக்கத்துப் பவளத்தின்மேல் இது படர்ந்து மூடுவதாக மதுரை ஆய்வாளர்கள் எழுதினார்கள். துண்டிலிருந்து வளரும் பாசியைத் தெப்பத்தோடு கட்டிப்போட முடியாது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில் செய்யும்போது இன்னும் கவனம் வேண்டியிருந்தது.

அதே துண்டு முறை பயிருக்கும் எமனானது. உலகம் முழுக்க வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் பெரும்பாலும் சில தாய்ச்செடிகளின் துண்டுகளே. மரபணு வேறுபாடு மிகக் குறைவு, வெப்பமும் நோயும் தாக்கினால் எல்லாம் ஒன்றாக வெளுத்துச் சாகும். 2013-க்குப் பிறகு தமிழகக் கரையில் அப்படித்தான் நடந்து உற்பத்தி சரிந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து மறுபடி நாற்று இறக்குவது ஒரு தீர்வாகப் பேசப்படுகிறது. அது சில ஆண்டு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வாழ்க்கைச் சுழற்சியை நாற்றங்காலில் முழுதாக ஓடவைத்து ஸ்போரிலிருந்து பயிர் எடுப்பதுதான் நோரிக்கு விடிவு தந்தது. கஞ்சிப்பாசியின் கார்போஸ்போரிலிருந்து நாற்று எடுக்கும் சோதனைகள் மண்டபத்திலேயே நடந்திருக்கின்றன. உள்ளூர்ப் பாசி என்பதால் பவளத்துக்கும் பயமில்லை. வளர்ச்சி மெது, ஸ்போர் நாற்று தெப்பத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். 45 நாளில் பணம் பார்த்துப் பழகிய குடும்பத்திடம் அந்தக் காத்திருப்பைக் கேட்க வேண்டுமானால், நடுவே உள்ள மாதங்களுக்கு யார் செலவு செய்வது என்று முதலில் சொல்ல வேண்டும். வளமாவூரில் 2023-இல் அடிக்கல் நாட்டிய பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவின் திட்டத்தில் நான் முதலில் தேடுவது இதற்கான பதிலைத்தான்.